விரிசல் விட்ட கொதிகலனும் வெள்ளைப் புலிகளும்

மாலை வேளையில் புதுவைக் கடற்கரைச் சாலையில் வந்து அமர்ந்து பாருங்கள். எதிரே வங்கக் கடல். அலை வருகிறது, போகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அலைக்குள்ளே நம் ஊரின் கண்ணீர்க் கதை ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

1761 ஜனவரியில் இந்த ஊர் ஆங்கிலேயனிடம் வீழ்ந்தது. ஏன் வீழ்ந்தது? கோட்டை இல்லையா? இருந்தது. பீரங்கி இல்லையா? இருந்தது. சோறுதான் இல்லை! நிலத்திலே ஒரு படை வளைத்து நின்றது. கடலிலே கப்பல்கள் வழியை அடைத்து நின்றன. பசி வந்து கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது. வென்றவன் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினான். கடலை இழந்தவன் கரையையும் இழப்பான் என்பது புதுவை மண் தன் வயிற்றாலே கற்ற பாடம்.

இருநூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து, இதே வங்கக் கடலிலே வேறொரு முற்றுகை நடந்தது. அந்த முறை கடலை அடைத்தது இந்தியக் கடற்படை. அதன் கூர்முனையாக நின்றது கப்பலிலிருந்து பறந்து போரிடும் விமான அணி ஒன்று. 300-ஆம் அணி என்பது ஏட்டிலே அதன் பெயர். வெள்ளைப் புலிகள் என்பது வீரர்கள் வழங்கும் பெயர். அந்த அணியின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். விமானிகளுக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணிவிடாதீர்கள். சம்மட்டி பிடித்த கைக்கும், பாய்லர் அடியில் வியர்த்த உடலுக்கும் உரிய கதை அது.

1957-இல் பிரிட்டனிடமிருந்து இந்தியா ஒரு கப்பலை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போருக்கென்று கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் அரைகுறையாக நிறுத்தி வைக்கப்பட்ட கப்பல் அது. ‘ஹெர்குலிஸ்’ என்று இருந்த பெயர் ‘விக்ராந்த்’ ஆயிற்று. 1961 மார்ச் 4-ஆம் நாள் பெல்பாஸ்ட் துறையிலே நம் கொடி அதில் ஏறியது. அதற்கு முன்பே, 1960 ஜூலையில், பிரிட்டனின் பிராடி விமானதளத்தில் 300-ஆம் அணி பிறந்துவிட்டது. அதன் விமானம் ‘சீ ஹாக்’. ஒரே எஞ்சின், ஒரே விமானி, மூக்கிலே நான்கு பீரங்கிகள்.

அந்தக் காலத்து நம் தொடர்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடற்படை விமானதளமான ‘ஹன்சா’ 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் கோவைக்கு அருகே, சூலூரில்! பின்னர் 1964-இல்தான் அது கோவாவின் டபோலிமுக்குப் போயிற்று. கீழூரிலே 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்று வாக்களித்ததால், குண்டு வெடிக்காமலே நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. கோவாவில் போர்த்துக்கீசியன் அப்படி இறங்கவில்லை. 1961 டிசம்பரில் படை நடத்தித்தான் இறக்க வேண்டியிருந்தது. அவன் விட்டுப்போன அந்த விமானதளமே வெள்ளைப் புலிகளின் குகை ஆயிற்று.

கப்பலிலிருந்து விமானம் எப்படிப் பறக்கிறது? தரையிலே நீண்ட ஓடுபாதை உண்டு. கப்பல் தளத்திலே அவ்வளவு இடம் ஏது? எனவே கவண் கல்லை எறிவது போல, விமானத்தை நீராவியால் இழுத்து எறிகிறது ஓர் இயந்திரம். கப்பலோ காற்றை எதிர்த்து முழு வேகத்தில் ஓடவேண்டும். காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் சேர்ந்தால்தான் விமானத்தின் இறக்கைக்குத் தாங்கும் பலம் கிடைக்கும். திரும்பி இறங்கும்போது, தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் இரும்பு வடத்தை விமானத்தின் வால் கொக்கி பற்றி இழுத்து நிற்கவேண்டும். தவறினால் மீண்டும் வானேற வேண்டும்; அதுவும் தவறினால் கடல்தான். 1961 மே 18-இல் முதன்முதலாக விக்ராந்த் தளத்தில் ஜெட் விமானத்தை இறக்கிக் காட்டினார் லெப்டினன்ட் தஹிலியானி. பிற்காலத்தில் கடற்படைத் தளபதியாகவே உயர்ந்தவர் அவர்.

கவனியுங்கள் தோழர்களே! கப்பல் ஓடுவதும் நீராவியால். விமானத்தை எறிவதும் நீராவியால். நீராவி எங்கிருந்து வருகிறது? கொதிகலனிலிருந்து! அந்த நான்கு கொதிகலன்கள் மூச்சு விட்டால்தான் புலிகளுக்குச் சிறகு.

1965 போர் வந்தது. புலிகள் பாய்ந்தனவா? இல்லை. விக்ராந்த் பம்பாயிலே பழுது பார்க்கும் துறையில் கிடந்தது. அதை மூழ்கடித்துவிட்டோம் என்று எதிரி தரப்பு மார்தட்டியது. கப்பலோ துறையிலே பத்திரமாக இருந்தது. ஆனால், போர்க்காலத்திலே போர்க்கப்பல் பத்திரமாக இருந்தது என்பது பெருமைக்குரிய சேதியா? மாலுமிகளின் நெஞ்சிலே அது முள்ளாகத் தைத்திருந்தது.

1970 ஜூனில் அதைவிடப் பெரிய இடி. கொதிகலன்களின் நீர் உருளைகளிலே விரிசல்! பற்றவைத்து அடைக்கக்கூடிய விரிசலும் அல்ல. புதிய உருளைகள் உள்நாட்டில் கிடைக்கவில்லை. பிரிட்டனுக்குத்தான் ஆர்டர் போகவேண்டியிருந்தது. கொதிகலனை மூட்டாதே என்று தலைமையகம் ஆணையிட்டது. நூற்பாலையிலே பாய்லர் பார்த்த தோழனுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. விரிசல் விட்ட பாய்லர் அருகே நிற்பவன் எமன் அருகே நிற்பவன்.

கிழக்கு வங்கத்திலே இரத்த ஆறு ஓடிற்று. அகதிகள் இலட்சம் இலட்சமாக எல்லை தாண்டி வந்தார்கள். போர் வரும் என்பது தெரிந்துவிட்டது. கப்பலை ஒதுக்கி வைப்பதா, ஓட்டிப் பார்ப்பதா? ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். 1971 மார்ச்சில் அழுத்தத்தைக் குறைத்துக் கொதிகலனை மூட்டினார்கள். மணிக்குச் சுமார் 24 கடல்மைல் ஓடக் கட்டிய கப்பல் அந்த வேகத்தை எட்ட முடியாது. இருக்கிற வேகத்தில், வீசுகிற காற்றை நம்பிப் பறப்போம் என்று துணிந்தார்கள். மேலே துணிந்தவன் விமானி. கீழே, அனலிலே, அந்த விரிசலுக்குப் பக்கத்திலேயே நாள்தோறும் நின்று துணிந்தவன் எஞ்சின் அறைத் தொழிலாளி!

1971 டிசம்பர் 4. காக்ஸ் பஜாருக்கு 60 கடல்மைல் தொலைவில் நின்றது விக்ராந்த். எட்டு சீ ஹாக் விமானங்கள் சீறிக் கிளம்பின. முதலில் காக்ஸ் பஜார். அன்றே சிட்டகாங் துறைமுகம். அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா. அணியை நடத்தியவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா. கப்பலை நடத்தியவர் கேப்டன் சுவராஜ் பிரகாஷ். இருவருக்கும் மகாவீர் சக்கரம் சூட்டப்பட்டது. துணை நின்ற 310-ஆம் அணியின் ‘அலீஸ்’ விமானங்கள் பிரெஞ்சு நாட்டுத் தயாரிப்பு. எதிரிக்குக் கடல்வழி வரவும் முடியவில்லை, தப்பிப் போகவும் முடியவில்லை. டிசம்பர் 16-இல் டாக்காவில் சரணாகதி. ஒரு சீ ஹாக் விமானத்தையும் போரில் நாம் இழக்கவில்லை.

பிறகு? சீ ஹாக் 1978-இல் கப்பலை விட்டு விடைபெற்றது. 1983 டிசம்பரில் ‘சீ ஹாரியர்’ வந்தது. நின்றபடியே இறங்கவல்ல விமானம். அதுவும் 2016-இல் ஓய்வு பெற, ரஷ்யாவின் ‘மிக்-29கே’ புலிகளின் வாகனமாயிற்று. விக்ராந்த் 1997-இல் பணி முடித்து, 2014-இல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி பஜாஜ் மோட்டார் சைக்கிளாக உருமாறி 2016-இல் தெருவிலே ஓடிற்று.

இப்போது கணக்குப் பார்ப்போம். முதல் விமானம் பிரிட்டன், இரண்டாவதும் பிரிட்டன், மூன்றாவது ரஷ்யா. 2025 ஏப்ரல் 28-இல் கடற்படைக்கென்று 26 ‘ரஃபேல்’ வாங்க ஒப்பந்தமாயிற்று, அது பிரான்ஸ்! அறுபத்தைந்து ஆண்டுக்காலம் வீரம் நம்முடையது, சிறகு இரவல். அன்று கொதிகலன் உருளைக்குப் பிரிட்டனைப் பார்த்து நின்றோமே, அந்த நிலை மாறவேண்டாமா?

மாறும் என்பதற்குச் சான்று உண்டு. 2022 செப்டம்பர் 2-இல் பணியேற்ற புதிய விக்ராந்தை வெளிநாட்டான் கட்டவில்லை. கொச்சித் தொழிலாளி கட்டினான். உருக்கு நம் அரசு ஆலைகளின் உருக்கு. நம் நாட்டில் செய்த தேஜஸின் கடற்படை மாதிரி 2023 பிப்ரவரியில் அதன் தளத்தில் இறங்கியும் காட்டிற்று. கைகள் இருக்கின்றன தோழர்களே! வேலைதான் கொடுக்கவேண்டும்.

ஆனால் நம் ஊரைப் பாருங்கள். 1898-இல் எழுந்த ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. பாய்லர் அறிந்தவன், லேத் அறிந்தவன், பிட்டர் வேலை அறிந்தவன் எல்லாம் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். ஓர் ஆலை மூடினால் அடுப்பு மட்டுமா அணைகிறது? அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வரவேண்டிய தொழிலறிவும் அணைகிறது. தொழிலாளியின் கையை வெட்டிவிட்டு, அந்நியன் சிறகைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பதா நாட்டைக் காக்கும் வழி?

அடுத்த டிசம்பர் 4 கடற்படை நாளன்று மேடைகளிலே விமானிகளைப் போற்றுவார்கள். நாமும் போற்றுவோம், நெஞ்சாரப் போற்றுவோம். அதே மூச்சிலே, விரிசல் விட்ட கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெயர் தெரியாத தோழனையும் போற்றுவோம். அவன் பிள்ளைக்கு வேலை எங்கே என்றும் கேட்போம்!