சிறுநீரகச் சோதனை முடிவுகள் உணர்த்துவது என்ன?

மைசூரு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையாயினும், சிற்றூர் ஆய்வகமாயினும், சிறுநீரகச் சோதனை முடிவில் பலரும் முதலில் நோக்குவது கிரியாட்டினின் அளவையே. தசைகளில் உண்டாகும் இக்கழிவுப் பொருளைச் சிறுநீரகங்கள் இரத்தத்தினின்று வடித்து வெளியேற்றுகின்றன. வடிதிறன் குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு உயரும்.

ஆயினும், இந்த ஓர் எண்ணை மட்டும் நம்புதல் தவறாகும். 25 வயது ஆடவர் ஒருவருக்கும் 70 வயது மூதாட்டி ஒருவருக்கும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் கிரியாட்டினின் 1.2 மில்லிகிராம் உள்ளதெனக் கொள்வோம். 2021ஆம் ஆண்டு வெளியான வாய்பாட்டின்படி, ஆடவரின் வடிதிறன் நிமிடத்திற்குச் சுமார் 86 மில்லிலிட்டர்; மூதாட்டிக்கோ சுமார் 49 தான். வடிதிறன் 60க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோயாகும்.

வடிதிறன் குறையுமுன்பே சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசியக்கூடும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமை எட்டினால் மறுசோதனை தேவை.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உடையோர் ஆண்டுதோறும் இவ்விரு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். நாள்தோறும் உப்பை 5 கிராமுக்குள் நிறுத்துவதும், புகையிலையைக் கைவிடுவதும், மருத்துவர் ஆலோசனையின்றி வலிநீக்கி மாத்திரைகளை உட்கொள்ளாமையும் நலம் பயக்கும்.

2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்கு இலவச இரத்தச் சுத்திகரிப்பு அளிக்கிறது. எனினும், அந்நிலையை எய்தாமல் காப்பதே சிறந்த மருத்துவம். நோய் தொடக்கத்தில் வலியோ வீக்கமோ காட்டுவதில்லை. சோதனை ஒன்றே அதனைக் காட்டிக்கொடுக்கும்.