வாலால் கிளை பிடிக்கும் நீல உடும்பு

உடும்பு நீல நிறத்தில் இருக்குமா? இந்தோனேசியாவில், நியூ கினிக்கு மேற்கே உள்ள பட்டாண்டா தீவில் அப்படி ஒன்று இருக்கிறது. இயற்கையில் அதற்கு வேறு வீடு கிடையாது. 2001இல்தான் விஞ்ஞானிகள் அதற்கு வாரனஸ் மக்ரேயி என்று பெயரிட்டார்கள்.

மூக்கு முதல் வால் நுனி வரை சுமார் 1 மீட்டர். அதில் பாதிக்கும் மேல் வால்தான். ஏன் இத்தனை நீளம்? நம்மூர் உடும்பும் இதே பேரினம்தான். ஆனால் அதன் தடித்த வால் எதிரியை விளாசுவதற்கு. நீல உடும்பு மரத்திலேயே வாழ்வது. அடுத்த கிளைக்கு எட்டும்போது முன்கால்கள் இரண்டும் அந்தரத்தில் நீளும்; அந்த நேரத்தில் வால் பின்கிளையைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். பல்லிபோல வாலை உதறிவிட்டுத் தப்பவும் அதனால் முடியாது. போனால் போனதுதான்.

சரி, நீலம் எப்படி? உடும்பு உள்ளிட்ட பல்லியினங்களில் நீலம் பொதுவாகச் சாயத்தால் வருவதில்லை. தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அடியிலுள்ள கறுப்பு நிறமி மற்ற நிறங்களை விழுங்கிவிடுகிறது. இந்த அடுக்கின் மேல் மஞ்சள் நிறமி சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும்.

இந்த அழகுதான் அதற்கு எமன். கூண்டில் வளர்க்க ஆசைப்படுவோருக்காகக் காட்டிலிருந்து பிடிக்கிறார்கள். ஒரே தீவில் வாழும் உயிரை இப்படி அள்ளினால், குறைந்ததை ஈடுகட்ட வேறு காட்டிலிருந்து ஒன்றுகூட வந்து சேராது.