இறுகிப்போன பாட்டரி நட்டைக் கழற்றும் முறைகள்

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் எஞ்சின் எண்ணெய், காற்று வடிகட்டி ஆகியவற்றைக் குறித்த காலத்தில் கவனித்து விடுகின்றனர். ஆனால் பாட்டரியை அதன் தாங்கியுடன் பிணைக்கும் பட்டை, போல்ட்டு, நட்டு ஆகியவற்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மழை பெய்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கும் நாளில் பாட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் நட்டு அசைய மறுக்கும். அல்லது போல்ட்டும் சேர்ந்தே சுற்றும். அவசரப்பட்டுச் சுத்தியலால் ஓங்கி அடிப்பதும், நெருப்புக் காட்டுவதும் பாட்டரி உடையவோ வெடிக்கவோ காரணமாகலாம். பதம் தப்பாமலும், கண்ணுக்கும் கைக்கும் தீங்கு நேராமலும் வேலையை முடிக்கக் கீழ்க்காணும் முறைகளைக் கையாளலாம்.

காரணம் என்ன?

பாட்டரியில் உள்ள திரவம் கந்தக அமிலமும் நீரும் கலந்தது. மின்னேற்றம் நடைபெறும்போது ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்கள் வெளிவருகின்றன. அவற்றுடன் நுண்ணிய அமிலத் திவலைகளும் வந்து அருகிலுள்ள இரும்பில் படிகின்றன. அமிலம் இரும்பை அரிப்பதால் உண்டாகும் உப்பும் துருவும் மரைகளுக்கிடையே தங்குகின்றன. துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் நட்டு இறுகிவிடுகிறது.

போல்ட்டு சுற்றுவதற்குக் காரணம் வேறு. போல்ட்டின் தலையையோ, கொக்கியையோ, அடியில் பற்றவைத்த நட்டையோ பிடித்திருந்த தகடு அரித்துப் போனால் போல்ட்டு சுற்றும். இதை மேலும் பலமாகத் திருப்புவதால் பயனில்லை. மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வழி தேட வேண்டும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. ஹைட்ரஜன் காற்றில் 4 சதம் கலந்தாலே தீப்பற்றும். அருகில் பீடி, விளக்கு, நெருப்பு எதுவும் கூடாது. கொட்டகைக் கதவைத் திறந்து வைக்கவும்.

2. எஞ்சினை நிறுத்தி, டிராக்டர் உடலுடன் இணைந்துள்ள கம்பியை முதலில் கழற்றவும். பெரும்பாலும் இது (-) முனையாக இருக்கும். சில பழைய டிராக்டர்களில் (+) முனையே உடலுடன் இணைந்திருக்கும். எனவே கம்பி எங்கே போகிறது என்று பார்த்து முடிவு செய்யவும். மற்ற கம்பியை முதலில் கழற்றினால், ஸ்பேனர் உடலில் பட்டவுடன் பெரும் தீப்பொறி எழும்.

3. இரு கம்பிகளையும் கழற்றிய பின்னரும் பாட்டரியில் மின்சாரம் உண்டு. இரு முனைகளின்மேலும் ஸ்பேனர் ஒருசேரப் படாதபடி பழைய டியூப் ரப்பரால் மூடவும்.

4. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியவும். ஒரு வாளி நல்ல தண்ணீர் அருகில் இருக்கட்டும். கண்ணில் அமிலம் பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீரால் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இறுகிய நட்டுக்கு

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, நட்டின்மேல் சிறிது சிறிதாக ஊற்றவும். அமிலம் இருந்தால் நுரைக்கும். நுரை அடங்கும்வரை ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, தண்ணீரால் கழுவித் துடைக்கவும். கரைசல் பாட்டரி அறைகளுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஈரம் காய்ந்தபின் துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் பொறுக்கவும். பிறகு ரிங் ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்று அசைத்து, அதன்பின் கழற்றும் பக்கம் திருப்பவும். கால் சுற்று வந்தால் திரும்ப அரைக்கால் சுற்று இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டுத் தொடரவும். ஒரே மூச்சில் திருப்பினால் அரித்த போல்ட்டு முறியக்கூடும்.

முனை மழுங்கிய 13 மி.மீ. நட்டாயின், அதன் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை அரத்தால் தேய்த்து 12 மி.மீ. ஸ்பேனரைப் பயன்படுத்தலாம்.

சுற்றும் போல்ட்டுக்கு

அடியில் கை நுழையுமானால் போல்ட்டின் தலையை மற்றொரு ஸ்பேனரால் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் நட்டைத் திருப்பலாம். கொக்கிக் கம்பியாயின், நட்டுக்குக் கீழே மரையில்லாத பகுதியைப் பூட்டுக்குறடால் கவ்விப் பிடிக்கவும்.

அடியில் இடமில்லை, ஆனால் மரைமுனை நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அம்முனையில் ரம்பத்தால் ஒரு காடி வெட்டவும். திருப்புளியை அதில் பொருத்திப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பலாம்.

அடியில் பற்றவைத்த நட்டு விட்டுப்போயிருந்தால், போல்ட்டின் தலைக்கடியில் தட்டையான நெம்புகோலைக் கொடுத்து மேலே தூக்கியபடி திருப்பவும். நட்டு தகட்டின்மேல் அழுந்தி நின்றுவிடும்.

கடைசி வழி

எதற்கும் அசையாவிட்டால், போல்ட்டைக் கை ரம்பத்தால் அறுத்துவிடுவதே நலம். பாட்டரி அருகில் காஸ் வெல்டிங்கோ கிரைண்டரோ கூடவே கூடாது. ஒரு போல்ட்டின் விலை, பாட்டரியின் விலைக்கும் கண்பார்வைக்கும் ஈடாகாது.

மீண்டும் பொருத்தும்போது

தாங்கியைச் சோடாக் கரைசலால் கழுவி, துருவைச் சுரண்டி வர்ணம் பூசவும். புதிய போல்ட்டு, வாஷர் போட்டு, மரைகளில் கிரீஸ் தடவவும். பாட்டரி அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். மிகுதியாக இறுக்கினால் பெட்டி விரிசல் காணும். உடலுடன் இணையும் கம்பியைக் கடைசியாக மாட்டவும். வாலை வடிநீரைக் குறியளவுக்கு மேல் ஊற்றாதிருந்தால் அமிலம் வழிவது குறையும்.

ஆண்டுக்கொரு முறை, உழவுப் பருவத்திற்கு முன் இந்த நட்டுகளைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி வைத்தால், பதமான நாளில் டிராக்டர் கொட்டகையில் நிற்க நேராது.