நாமக்கல் வெயிலில் ஒரு பனிச் சங்கிலி!

"அண்ணா, உன் மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. உடனே கிளம்பி வா!"

தங்கையின் போன். பதறியடித்துக்கொண்டு நாமக்கல் போனேன். கிறுக்கெல்லாம் இல்லை. சேலத்தில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கும் பத்து இளைஞர்கள் ஜனவரியில் காஷ்மீர் போக மாப்பிள்ளையின் வேனைக் கேட்டிருக்கிறார்கள். ரயில் வேண்டாமாம், விமானம் வேண்டாமாம். நம்ம ஊர் வேனிலேயே, நம்ம ஊர்ப் பாட்டைப் போட்டுக்கொண்டு, பனிக்குள் போய் இறங்க வேண்டுமாம். மாப்பிள்ளை அட்வான்ஸை வாங்கி, செலவும் செய்துவிட்டார்.

"ஒரே ரோடு மச்சான்! இங்க பைபாஸ்ல ஏறுனா ஸ்ரீநகர்ல எறங்கிக்கலாம்" என்றார்.

தப்பில்லை. ஸ்ரீநகரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44, சேலம், நாமக்கல் வழியாகத்தான் போகிறது. 2010-ல் எண்களை மாற்றும் வரை நம் பக்கத்துக்கு 7, அந்தப் பக்கத்துக்கு 1ஏ. இப்போது 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நம்பர். வழி சரி... வழியில் கிடக்கும் பனி?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வெற்றிலை மென்றுகொண்டே ஒடிக்கிறவர் மாப்பிள்ளை. ஆனால், அவர் வாழ்நாளில் பார்த்த பனிக்கட்டி சர்பத் கிளாஸில் மிதந்ததுதான். எனக்கும் அதே அனுபவம்தான், கூடுதலாக ஒரு பி.காம். வேனுக்கு இன்னும் 22 டியூ பாக்கி. குழந்தைகள் இரண்டு. தங்கையின் முகத்தைப் பார்த்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

நல்லவேளையாக, தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். காஷ்மீரிலிருந்து ஆப்பிள் லோடு ஏற்றி வந்தவர். வந்தார், வேனை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை ஓர் உதை விட்டார்.

"ரீட்ரெட்டா கண்ணு?"

"ஆமாங்க. நல்லா ஓடுதுங்க."

"திருச்சி வரைக்கும் ஓடும்."

விஷயம் இதுதான். நம் டயர்களின் ரப்பர் வெயிலுக்குச் செய்தது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகிவிடும், ரோட்டைப் பிடிக்காது. பனி டயர் என்பது குளிரிலும் இளகியே இருக்கும் ரப்பர். அதன் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவைதான் பனியைக் கவ்விப் பிடிக்கும். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் இல்லாமல் அந்த ஊர் வண்டியை ரோட்டில் எடுத்தால் அபராதம். நாமக்கல்லில் இந்த டயரை மாட்டி ஓட்டினால் இளகின ரப்பர் நம் வெயிலில் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஒரே ஒரு ட்ரிப்புக்காக முழு செட் வாங்குவதை என் காமர்ஸ் மூளை ஒப்புக்கொள்ளவில்லை. ஆழமான பட்டன் உள்ள புது டயர்கள், கூடவே ஒரு ஜோடி சங்கிலி என்று முடிவாயிற்று.

காற்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே 30 டிகிரியில் அடித்த காற்று, அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது ஆறேழு பவுண்டு தானாகவே குறைந்துவிடும். பஞ்சர் என்று நினைத்து ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அங்கேயே அளந்து, அங்கேயே அடிக்க வேண்டும்.

"ரேடியேட்டர்ல என்ன ஊத்தறே?" என்றார் பெரியவர்.

"பம்ப்செட் தண்ணிங்க."

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முதல் காஷ்மீர் ட்ரிப்பில் அவரும் அதைத்தான் ஊற்றியிருக்கிறார். காஸிகுண்டில் ரோடு மூடி, ராத்திரி லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். இரும்புக்குள் அடைபட்டிருந்தாலும் பெருக்கத்தான் செய்யும். காலையில் பார்த்தால் இன்ஜின் பிளாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல்! பதினோரு நாள் அந்தக் குளிரில் லாரிக்குக் காவல். "அந்த வருஷம் மூத்த பொண்ணுக்கு வெச்சிருந்த கல்யாணம் தள்ளிப்போச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை அன்று மாலையே கூலன்ட் வாங்கப் போய்விட்டார். அதையும் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரைக்கும் தாங்கும்.

டீசலும் குளிரில் சண்டித்தனம் செய்யும். அதிலுள்ள மெழுகு திரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. மாப்பிள்ளைக்குப் பெரியவர் சொன்ன வழி சுலபமானது: சமவெளியில் டாங்க்கை ரொப்பிக்கொண்டு ஏறாதே, காலியாகப் போய் மேலே நிரப்பு. டாங்க்குக்கு அடியில் தீ மூட்டுகிறவன் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதே. (மூட்டுகிறார்களாம் சார்!) ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டால் காலையில் அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடு.

அப்புறம் சங்கிலி. பெரியவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். மாட்டிப் பார்த்தால், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி தொளதொளவென்று தொங்கியது. லாரிச் சங்கிலி! டயரின் பக்கவாட்டில் இருக்கும் நம்பருக்குத் தகுந்த சங்கிலிதான் உட்காரும். ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரவழைத்தோம்.

ஏணியை வளைத்துச் சக்கரத்தின் மேல் போர்த்தியது போல் இருக்கும். எந்தச் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறதோ அதற்குத்தான் மாட்ட வேண்டும். எங்கள் வேனுக்குப் பின் சக்கரம். முதலில் டயருக்குப் பின்னால் கையை விட்டு உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிக் கொக்கி, இழுத்து முறுக்கி, ஐம்பது அடி ஓட்டி நிறுத்தி, மறுபடி முறுக்க வேண்டும். மாட்டிய பிறகு முப்பது, நாற்பதுக்கு மேல் வேகம் கூடாது. தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் சங்கிலி அறுந்து, சாட்டை மாதிரி சுழன்று பிரேக் ஹோஸை வெட்டிவிடும்.

மத்தியானம் இரண்டு மணி. கொதிக்கும் மண்ணில் மல்லாந்து படுத்து, நானும் மாப்பிள்ளையும் பனிச் சங்கிலி மாட்டினோம். சைக்கிளில் போன ஒருவர் நின்று, "ஏனுங்க, ஆனை எங்கீங்க?" என்று கேட்டார்.

முதல் தடவை 55 நிமிஷம். பெரியவர் திருப்திப்படவில்லை. ராத்திரி வரச் சொன்னார். வாளி நிறைய ஐஸ். அதில் இரண்டு கையையும் விட்டு நூறு எண்ண வேண்டும். பிறகு கையுறை போட்டு, ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் மாட்ட வேண்டும்.

"இது வேணுமாங்க?" என்றேன், பல் தந்தியடிக்க.

அவர் வலது கையை விளக்குக்கு நேரே நீட்டினார். சுட்டு விரலின் நுனி இல்லை. "கையுறையோட கொக்கி சிக்கலைன்னு கழட்டிட்டுப் பிடிச்சேன் கண்ணு. இரும்பு தோலைப் பிடிச்சுக்குச்சு. அப்புறம் வெரலு கறுத்துப் போச்சு."

ஐந்து ராத்திரி பழகினோம். கடைசி ராத்திரி 14 நிமிஷம். தங்கை வாசலில் நின்று கடிகாரம் பார்த்தாள்.

என் பங்குக்கு ஒரு பேப்பர் தயார் செய்தேன். 'பனியால் ரோடு மூடினால் வேன் நிற்கும். தங்கும் செலவு பயணிகளுடையது. போகலாமா என்பது டிரைவர் முடிவு.' பத்துப் பேரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

அதுதான் உதவியது. உதம்பூரில் இரண்டு நாள் நிற்க வேண்டி வந்தது. 'லீவு போகுதுங்க' என்று பையன்கள் குதித்தார்கள். மாப்பிள்ளை பேப்பரைக் காட்டினார். ரோடு திறந்ததும் கிளம்பினார்கள். 1956-ல் திறந்த பழைய ஜவஹர் சுரங்கம் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வாசலில்தான் பெரியவர் காலத்து லாரிகள் தவம் கிடந்தன. 2021-ல் திறந்த புதுச் சுரங்கம் அதைவிடத் தாழ்வாக, எட்டரை கிலோமீட்டர் நீளம். அதன் இந்த வாசலில் தூறல், அந்த வாசலில் கொட்டும் பனி. மாப்பிள்ளை ஓரங்கட்டி இறங்கினார். 16 நிமிஷம்.

தாங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏற்றத்தை மட்டும் அண்ணாந்து பார்த்தவர், "நீங்க உள்ளூர் ஜீப்புல போய்ட்டு வாங்க தம்பி. நான் டீ குடிக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். போனில் இதைக் கேட்ட பிறகுதான் தங்கை அன்றைக்குச் சாப்பிட்டாள்.

சங்கிலி இப்போது வேன் ஷெட்டின் ஆணியில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் யானையைத்தான் விசாரிக்கிறார்கள். மாப்பிள்ளை "காஷ்மீர் போயிருக்குங்க" என்கிறார்.