பிரையன் காக்ஸ் கீபோர்டு வாசித்த ராக் பேண்ட்: 'டேர்' ஏன் ஜெயிக்கவில்லை, ஏன் இன்னும் நிற்கிறது?

பிபிசியின் 'வொண்டர்ஸ் ஆஃப் தி சோலார் சிஸ்டம்' தொடரைப் பார்த்தவர்களுக்கு பிரையன் காக்ஸைத் தெரிந்திருக்கும். மலை உச்சியில் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு சூரியக் குடும்பத்தைப் பற்றி விளக்குவாரே, அந்த இயற்பியல் பேராசிரியர்தான். ஆனா அவருடைய முதல் வேலை இயற்பியல் இல்லை. இருபது வயதில், நீளமான தலைமுடியோடு ஒரு ராக் பேண்டில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்த பேண்டின் பெயர் 'டேர்'. காக்ஸைத் தெரிந்த பலருக்கும் டேரைத் தெரியாது. பெரிய கம்பெனி, பெரிய தயாரிப்பாளர்கள், பெரிய மேடைகள் என எல்லாமே கிடைத்தும் ஒரு பேண்ட் பிரபலமாகாமல் போனது எப்படி? பிரபலமாகாமலேயே இத்தனை வருஷம் ஓடுவது எப்படி?

டேர் எப்படி உருவானது?

கதை 'தின் லிஸ்ஸி' என்ற அயர்லாந்து ராக் பேண்டிலிருந்து தொடங்குகிறது. 1980-ல் அதில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தவர் டேரன் வார்ட்டன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்துப் பையன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பேண்டின் தலைவர் ஃபில் லைனட் அன்றைக்குப் பெரிய நட்சத்திரம்.

1983-ல் தின் லிஸ்ஸி கலைந்தது. வார்ட்டன் ஊருக்குத் திரும்பி, 1985-ல் சொந்தமாக ஒரு பேண்டைத் தொடங்கினார். இந்த முறை அவர்தான் பாடகர், பாடல்களை எழுதுபவரும் அவர்தான். கிதாருக்கு வின்னி பர்ன்ஸ் வந்தார். கீபோர்டுக்கு வந்த பள்ளி முடித்த பையன்தான் காக்ஸ். 1986 ஜனவரியில் ஃபில் லைனட் 36 வயதில் இறந்துபோனார். டேரின் முதல் ஆல்பத்தில் உள்ள 'கிங் ஆஃப் ஸ்பேட்ஸ்' அவருடைய நினைவுக்கு வார்ட்டன் எழுதிய பாடல்.

மெலடிக் ஹார்டு ராக் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, கிதார் கனமாக இருக்கும், ஆனால் மெட்டுதான் முதலாளி. கீபோர்டு அடுக்கடுக்காக வரும். பல்லவி வரும்போது எல்லோரும் சேர்ந்து பாடுகிற மாதிரி பல குரல்கள் எழும். யூரோப் பேண்டின் 'தி ஃபைனல் கவுண்டவுன்', பான் ஜோவியின் 'லிவின் ஆன் எ பிரேயர்' இரண்டும் நல்ல உதாரணங்கள். 1986-ல் வந்த இந்த இரண்டு பாடல்களும் உலகம் முழுக்க ஓடின. கம்பெனிகள் எல்லாம் 'நமக்கும் இப்படி ஒரு பேண்ட் வேண்டும்' என்று தேடிய காலம் அது.

டேருக்கு என்னவெல்லாம் கிடைத்தது?

கிட்டத்தட்ட எல்லாமே. தி போலீஸ், பிரையன் ஆடம்ஸ் போன்றவர்களின் இசையை வெளியிட்ட ஏ அண்ட் எம் நிறுவனம் டேரை ஒப்பந்தம் செய்தது. முதல் ஆல்பமான 'அவுட் ஆஃப் தி சைலன்ஸ்' 1988-ல் வந்தது. தயாரிப்பாளர் மைக் ஷிப்லி. டெஃப் லெப்பர்ட் பேண்டின் 'ஹிஸ்டீரியா'வுக்கு ஒலிக்கலவை செய்தவர் இவர்தான். ஜிம்மி பேஜ், யூரோப் ஆகியோரின் கச்சேரிகளுக்கு முன்னால் மேடையேறும் வாய்ப்பும் கிடைத்தது.

ஆனால் ஹிட் மட்டும் வரவில்லை. 1989-ல் பிரிட்டன் தரவரிசையில் 'தி ரெயின்டான்ஸ்' 62-வது இடத்தோடு நின்றது. 'அபாண்டன்' 71-வது இடம். அந்த ஆண்டுதான் ஏ அண்ட் எம் நிறுவனத்தை பாலிகிராம் வாங்கியது. விலை சுமார் 50 கோடி டாலர்.

இரண்டாவது ஆல்பம் 'பிளட் ஃப்ரம் ஸ்டோன்' 1991-ல் வந்தது. இந்த முறை தயாரிப்பாளர் கீத் ஓல்சன். ஃப்ளீட்வுட் மேக், ஒயிட்ஸ்நேக், ஸ்கார்பியன்ஸ் என்று அவர் கைபட்ட பெயர்களே பெரிய பட்டியல். கீபோர்டின் மென்மை குறைந்து, கிதார் முன்னால் வந்தது. ஆல்பம் 48-வது இடத்தைத் தொட்டது. 'வீ டோன்ட் நீட் எ ரீசன்' பாடலுக்கு 52-வது இடம். முதல் ஆல்பத்தைவிட நல்ல எண்கள்தான். ஆனாலும் டாப் 40 என்ற கதவு திறக்கவே இல்லை.

நிர்வாணாதான் காரணமா?

இந்த வகை இசையின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இது. 1991 செப்டம்பர் 24-ல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. 1992 ஜனவரியில் அது அமெரிக்காவில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. அழுக்குச் சட்டை, கரகர கிதார் என்று ஃபேஷன் மாறியது. பளபளப்பான பேண்டுகளுக்கு ஒரே இரவில் வயசாகிவிட்டது.

உண்மைதான். ஆனா டேர் விஷயத்தில் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது 1988-ல். அந்த வகை இசை உச்சத்தில் இருந்த நேரம் அது. அப்போதே ஹிட் கிடைக்கவில்லை. நிர்வாணா மீது மொத்தப் பழியையும் போட முடியாது. கூட்டம் அதிகமான சந்தைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்த கடை என்று சொல்லலாம். சரக்கு நல்ல சரக்கு. ஆனால் அதேபோன்ற சரக்கோடு பத்துக் கடைகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன.

இன்னொன்று, பெரிய ஒப்பந்தம் என்பது பரிசுப் பணம் இல்லை. ஸ்டூடியோ, தயாரிப்பாளர் எனக் கம்பெனி கொடுக்கும் தொகை பொதுவாக முன்பணம்தான். கலைஞரின் ராயல்டியிலிருந்து அதைக் கழித்த பிறகே கையில் காசு வரும். பெரிய தயாரிப்பாளர் என்றால் செலவும் பெரிது, எதிர்பார்ப்பும் பெரிது. சுமாரான வெற்றி என்பது இந்தக் கணக்கில் தோல்விதான்.

கடைசி அடி உள்ளேயிருந்தே வந்தது. பெர்லினில் ஒரு மதுக்கூடத்தில் நடந்த சண்டையோடு தங்கள் பேண்ட் உடைந்தது என்று காக்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏ அண்ட் எம் ஒப்பந்தமும் அத்துடன் முடிந்தது.

அதன்பிறகு யார் எங்கே போனார்கள்?

பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் 'டி' கிரேடு வாங்கியவர் காக்ஸ். பேண்ட் உடைந்த பிறகு, 23 வயதில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார். படித்துக்கொண்டே 'டி:ரீம்' என்ற பாப் குழுவிலும் கீபோர்டு வாசித்தார். அந்தக் குழுவின் 'திங்ஸ் கேன் ஒன்லி கெட் பெட்டர்' 1994-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1997 தேர்தலில் டோனி பிளேரின் தொழிலாளர் கட்சி அதைப் பிரசாரப் பாடலாக்கியது. மறுவருடம் காக்ஸ் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு செர்ன் ஆய்வு மையத்தின் அட்லஸ் திட்டம், பிபிசி என்று போனது அவர் பயணம்.

வின்னி பர்ன்ஸ் 'டென்' என்ற இன்னொரு மெலடிக் ராக் பேண்டில் சேர்ந்தார். 1996-ல் அதன் முதல் ஆல்பம் வந்தது.

வார்ட்டன் மட்டும் டேரை விடவில்லை. வடக்கு வேல்ஸின் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1998-ல் 'காம் பிஃபோர் தி ஸ்டார்ம்' வந்தபோது பழைய ரசிகர்களுக்கே ஆச்சரியம். வேகம் குறைந்திருந்தது, குரல் தணிந்திருந்தது. அடுத்த ஆல்பங்களில் கெல்டிக் நாட்டுப்புற இசையின் சாயல் கூடிக்கொண்டே போனது. 2001-ல் 'பிலீஃப்', 2004-ல் 'பினீத் தி ஷைனிங் வாட்டர்', 2009-ல் 'ஆர்க் ஆஃப் தி டான்' என்று நிதானமாக வந்தன. 2016-ன் 'சேக்ரட் கிரவுண்ட்' ஆல்பத்தில் பார்த்தால், கிதாரில் மறுபடியும் வின்னி பர்ன்ஸ்!

பெரிய கம்பெனி இல்லாமல் எப்படி ஓடுகிறது?

வார்ட்டன் 'லெஜண்ட் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த லேபிளில் வெளியிடத் தொடங்கினார். இங்கே கணக்கே வேறு. அடைக்க வேண்டிய பெரிய முன்பணம் இல்லை. டாப் 40-க்குள் வர வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் சிதறிக் கிடக்கும், எண்ணிக்கையில் குறைவான, ஆனால் விடாமல் வாங்கும் ரசிகர்கள் போதும்.

முதல் ஆல்பத்தின் 30-வது ஆண்டான 2018-ல் அதன் எல்லாப் பாடல்களையும் புதிதாகப் பதிவுசெய்து 'அவுட் ஆஃப் தி சைலன்ஸ் 2' என்று வெளியிட்டது டேர். டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை மறுபதிவு செய்த கதை பலருக்குத் தெரியும். அந்த மறுபதிவுகள் வெளிவரத் தொடங்கியது 2021-ல். ஒரு பாடலை மீண்டும் பதிவுசெய்யும்போது புதிய ஒலிப்பதிவு அதை உருவாக்கியவருக்கே சொந்தமாகிறது. சின்ன பேண்டுகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

2022-ல் 'ரோடு டு ஈடன்' வந்தது. டேர் தொடங்கி 37 வருடங்கள் கழித்து வந்த புதுப் பாடல்கள். ஏ அண்ட் எம் காலம் இதில் ஆறேழு வருடம்கூட இல்லை. பெரிய கம்பெனியில் இருந்தபோது வந்தவை இரண்டே ஆல்பங்கள். மற்றதெல்லாம் எல்லோரும் 'முடிஞ்சுபோச்சு' என்று நினைத்த பிறகு வந்தவை.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மூன்று பாடல்கள் போதும். எண்பதுகளின் பளபளப்புக்கு 'அபாண்டன்'. ஃபில் லைனட்டுக்கான 'கிங் ஆஃப் ஸ்பேட்ஸ்'. கிதார் முன்னுக்கு வரும் 'வீ டோன்ட் நீட் எ ரீசன்'. முதல் இரண்டிலும் 1988 பதிவைக் கேளுங்கள். கீபோர்டில் இருக்கும் அந்தப் பையனுக்கு அப்போது வயது இருபதுதான்.