சிங்கப்பூரில் பேசிய பேச்சு

நம் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும், பலர் வீடுகளிலும், பிலிப்பீன்ஸ் நாட்டவர் வேலை செய்கிறார்கள். ஸ்பெயின் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட நாடு அது. அவர்களுடைய பெயர்கள்கூடப் பெரும்பாலும் ஸ்பானியப் பெயர்கள்தான். அப்படியிருக்க, ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? 1901ல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் மணிலாவில் வந்திறங்கிய சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்களிடமிருந்து என்று சொல்லலாம். ஆனால் ஆசிரியர்களுக்கு முன்பே அங்கு அமெரிக்கப் படை வந்துவிட்டது. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு ரகசியச் சந்திப்பு இருக்கிறது. அது நடந்தது நம் சிங்கப்பூரில்.

1898 பிப்ரவரியில் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தது. 260 பேருக்கு மேல் மாண்டார்கள். காரணம் உறுதியாவதற்குள் நியூயார்க் பத்திரிகைகள் ஸ்பெயின்மீது பழி போட்டுவிட்டன. ஊடகக் கல்வி படித்தவர்களுக்கு இது முதலாண்டுப் பாடம். ஹர்ஸ்ட், புலிட்சர், பரபரப்புத் தலைப்புகள் எல்லாம் வரும். ஆனால் என் வகுப்பில் பாடம் கியூபாவோடு நின்றது. அதே போரில் ஆசியாவில் ஒரு நாடே கைமாறியதை நான் பிற்பாடு தனியாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்பெயினை எதிர்த்த பிலிப்பீன்ஸ் புரட்சியின் தலைவர் எமிலியோ அகினால்டோ அப்போது 29 வயது இளைஞர். உடன்பாடு ஒன்றின்படி நாட்டை விட்டு வெளியேறி ஹாங்காங்கில் இருந்தவர், 1898 ஏப்ரலில் சத்தமில்லாமல் சிங்கப்பூருக்கு வந்தார். இங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஸ்பென்சர் பிராட் அவரைச் சந்தித்தார். ஹாவர்ட் பிரே என்ற ஆங்கிலேயர் மொழிபெயர்த்தார்.

ஸ்பெயினைத் துரத்த உதவினால் பிலிப்பீன்ஸுக்கு விடுதலை என்று பிராட் வாக்களித்ததாக அகினால்டோ பின்னர் எழுதினார். எழுத்தில் கேட்டபோது, அமெரிக்கத் தளபதியின் வாக்கும் தூதரின் வாக்கும் போதும் என்றாராம். அப்படி எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை என்று பிராட் மறுத்தார். வானொலியில் நாங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிவிடும். பிறகு மறுக்க முடியாது. அந்தச் சந்திப்பில் பதிவும் இல்லை, கையெழுத்திட்ட காகிதமும் இல்லை. என்னைக் கேட்டால், ஏதோ ஒரு நம்பிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் ஜூன் மாதம் சிங்கப்பூரில் வாழ்ந்த பிலிப்பினோக்கள் வாத்தியக் குழுவோடு போய் பிராட்டுக்கு நன்றி சொல்லியிருப்பார்களா? அந்தச் செய்தி வாஷிங்டன் போய்ச் சேர்ந்ததும் பிராட்டுக்குக் கண்டனம்தான் வந்தது.

மே 1ஆம் தேதி கொமடோர் டூயி மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களைச் சில மணி நேரத்தில் அழித்தார். அதே மாதம் அமெரிக்கக் கப்பலிலேயே அகினால்டோ ஊர் திரும்பினார். ஜூன் 12ல் விடுதலையைப் பிரகடனம் செய்தார். அவருடைய படை தரைவழியாக மணிலாவைச் சூழ்ந்துகொண்டது.

அடுத்து நடந்ததை ஒரு நாடகம் என்றே சொல்லலாம். ஸ்பானியர்களுக்குச் சரணடைவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பிலிப்பினோக்களிடம் சரணடைய மனமில்லை. அமெரிக்கர்களுடன் பேசி வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் 13ல் பெயருக்கு ஒரு சண்டை போட்டு நகரை ஒப்படைத்தார்கள். பிலிப்பினோப் படையை நகருக்குள் விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், முந்தைய நாளே இரு நாடுகளும் சண்டை நிறுத்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. கடலடித் தந்திக் கம்பியை டூயி துண்டித்திருந்ததால் செய்தி மணிலாவுக்கு வரவில்லை.

டிசம்பர் 10ல் பாரிஸில் உடன்படிக்கை. 2 கோடி டாலருக்கு பிலிப்பீன்ஸ் அமெரிக்காவுக்குப் போனது. அகினால்டோவின் பிரதிநிதி பெலிப்பே அகோன்சில்யோ பாரிஸ் வரை போனார். பேச்சுவார்த்தை அறைக்குள் அவருக்கு இடமில்லை. அதே உடன்படிக்கையில் அமெரிக்காவுக்குப் போன புவெர்ட்டோ ரிக்கோவும் குவாமும் இன்றும் அதன் கையில்தான் இருக்கின்றன. அங்கு வாழ்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது.

அமெரிக்கர்கள் எல்லாரும் இதற்குத் தலையாட்டவில்லை. எழுத்தாளர் மார்க் டுவைன், தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி போன்றோர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1899 பிப்ரவரி 6ல் செனட் சபை 57க்கு 27 என்ற கணக்கில் உடன்படிக்கையை ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், மயிரிழையில் தேறியது. அதற்கு இரண்டு நாள் முன்பே மணிலாவின் எல்லையில் அமெரிக்கருக்கும் பிலிப்பினோக்களுக்கும் துப்பாக்கிச் சண்டை தொடங்கிவிட்டது.

1902 வரை நீடித்த அந்தப் போரில் 4,200 அமெரிக்க வீரர்களும் சுமார் 20,000 பிலிப்பினோப் போராளிகளும் மாண்டார்கள். வன்முறை, பஞ்சம், காலரா ஆகியவற்றால் இறந்த பொதுமக்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. சமார் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லச் சொல்லி உத்தரவிட்டார் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித். ராணுவ நீதிமன்றம் அவருக்குக் கொடுத்த தண்டனை, கண்டிப்பு. பிறகு ஓய்வில் அனுப்பப்பட்டார். பத்து வயதில் என் அக்காள் மகன் இருக்கிறான். அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1946ல் அமெரிக்கா விடுதலை கொடுத்தது, அதுவும் தன்னுடைய சுதந்திர நாளான ஜூலை 4ல். 1962ல் பிலிப்பீன்ஸ் அந்தத் தேதியை மாற்றி, அகினால்டோவின் ஜூன் 12ஐத் தேசிய நாளாக்கியது. தொண்ணூறு வயதைத் தாண்டிய அகினால்டோ அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

ராணுவத் தளங்கள் மட்டும் தங்கிவிட்டன. 1947ல் 99 ஆண்டுகளுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். 1991ல் பிலிப்பீன்ஸ் செனட் 12க்கு 11 என்ற வாக்கில் புதிய ஒப்பந்தத்தை நிராகரிக்க, அடுத்த ஆண்டு அமெரிக்கப் படை வெளியேறியது. இன்று நிலைமை வேறு. தென்சீனக் கடலில் சீனக் கப்பல்களின் நெருக்குதலைப் பார்க்கும் பிலிப்பினோக்களில் பலர் அமெரிக்கா பக்கத்தில் இருப்பதையே விரும்புகிறார்கள். சாங்கி கடற்படைத் தளத்தில் அமெரிக்கக் கப்பல்களை வரவேற்கும் நாம் அதைக் குறை சொல்ல முடியாது.

2014ல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த முறை ‘அமெரிக்கத் தளம்’ என்ற பேச்சே இல்லை; ‘ஒப்புக்கொள்ளப்பட்ட இடங்கள்’ என்று எழுதினார்கள். 2023ல் அந்த இடங்கள் ஐந்திலிருந்து ஒன்பதாயின. புதியவற்றில் ஒன்று சாபாவுக்கு எதிரே உள்ள பலபாக் தீவு. இன்னொன்று இசபெலா மாநிலத்தில் இருக்கிறது. 1901 மார்ச்சில் அமெரிக்கப் படை அகினால்டோவைப் பிடித்த பலனான் ஊர் அந்த மாநிலத்தில்தான் உள்ளது.