தாய்மார்க்கும் இரண்டு நாள் ஓய்வு

வீட்டையும் குழந்தைகளையும் முழுநேரமும் கவனிக்கும் தாய்மார்க்கு வார விடுமுறை கிடையாது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்களோ 88 நிமிடங்களே. செட்டிகுளத்தில் சின்ன வெங்காய அறுவடை வந்துவிட்டால் வயல்வேலையும் இதனோடு சேரும்.

ஓய்வுக்குத் தொலைதூரப் பயணம் வேண்டுவதில்லை. சனி, ஞாயிறு இரு நாளும் தாய்வீட்டில் தங்கலாம். அதிகாலையில் தோழியரோடு தண்டாயுதபாணி கோயில் மலைக்கு ஏறி வரலாம். ஆனால் அடுப்பையும் குழந்தையின் மருந்து வேளைகளையும் வேறொருவர் முழுமையாக ஏற்க வேண்டும். மாவு எங்கே, சீருடை எங்கே என்று மணிக்கொரு முறை கைப்பேசியில் அழைத்தால் அது ஓய்வாகாது. மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை முன்னதாகத் தாளில் எழுதிவைத்தால் கணவருக்கும் மாமியாருக்கும் எளிதாகும்.

நன்கு உறங்கி எழுந்தும் சோர்வு நீங்காவிடில் இரத்தச்சோகையோ தைராய்டு குறைபாடோ காரணமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனவாட்டமும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் தாய், தம் உடல்நிலையைக் கூறாமலே திரும்பிவிடுவதுண்டு. உடன் வருபவர் அதனை நினைவூட்டலாம்.